திரும்பிப் பார்த்த கரடி

இந்தப் பட்டறையில் இப்போது தமிழ் பேசுகிறவர்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். நான் சேர்ந்தபோது நான் ஒருத்திதான். ஆகவே இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். முதலாளியின் மகன் என்னவென்று கேட்டால் சமையல் குறிப்பு என்று சொல்லிவிடுங்கள்.

தோலை எப்படிக் கழுவுவது, எவ்வளவு உப்புப் போடுவது, எந்த ஊசிக்கு எந்த நூல் என்பதையெல்லாம் உள்ளே இருக்கிறவர்கள் உங்களுக்குக் காட்டித் தருவார்கள். நான் சொல்ல வந்தது முன்மேசையில் நிற்கிற அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி. வேட்டைக்காரர் ஒருவர் தன் மிருகத்தைக் கொண்டுவந்து நமக்கு முன்னால் போடுகிறார். என்ன செய்வது என்று அவரும் நாமும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்த அரை மணித்தியாலத்துக்குக் கையேடு கிடையாது.

நான் தையற்காரி. மன்னாரில் பிறந்து, மொன்றியலில் பதினொரு வருடம் குளிர்கோட்டுகளுக்குக் கை தைத்தவள். துணித் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட காலத்தில் என் மெஷினும் ஒரு வெள்ளிக்கிழமையோடு நின்றது. செயின்ட்-மிஷேலில் ஒரு பட்டறைக்குக் கனத்த தோல் தைக்கத் தெரிந்த ஆள் தேவையாம் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஹெயிட்டிப் பெண் சொன்னாள். கைப்பைகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தேன். என் மூக்குக்கு நேரே ஒரு மூஸ் மானின் மூக்கு.

கரடித் தோல் விரிப்புகளின் ஓரத்துக்குக் கம்பளித் துணி வைத்துத் தைப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. மாதா கோயிலில் கேட்டவர்களுக்குத் 'தோல் கொம்பனி' என்று மட்டும் சொல்லிவைத்தேன். என் மேசை வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததால் வருகிறவர்கள் என்னோடு கதைக்கத் தொடங்கினார்கள். முதலாளிக்குக் கதை பிடிக்காது, மிருகங்கள் மட்டும்தான் பிடிக்கும். இரண்டாம் வருடமே வாடிக்கையாளர் படிவங்களை என் பக்கம் தள்ளிவிட்டு, இனி நீயே கேட்டு எழுது என்றார்.

கேட்பது ஒரே கேள்விதான்: நிற்கிறதா, படுக்கிறதா? நிற்கிறது என்றால் முழு உருவம். ஃபோமால் செய்த உடம்பின்மேல் தோலை இழுத்து ஒட்டிப் பாடம்பண்ணுவது. படுக்கிறது என்றால் விரிப்பு. தலையை மட்டும் உருவாக்கிவிட்டு, உடம்பைத் தட்டையாக விரித்து அடியில் துணி வைத்துத் தைப்பது. இரண்டுக்கும் கத்தி ஓடும் பாதை வேறு. விரிப்புக்கென்று ஓரம் வெட்டி நேராக்கிய தோல் பிறகு ஒருநாளும் எழுந்து நிற்காது.

அந்தக் காலத்தில் நான் வீட்டைத்தான் அளந்தேன். கூரை எத்தனை அடி, சுவர் எத்தனை அடி, வீட்டில் நாய் இருக்கிறதா, குழந்தை தவழுகிறதா. எல்லாவற்றையும் வடிவாக எழுதிக்கொண்டு விடையும் சொல்லிவிடுவேன். மிருகத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. என்னை அதிலிருந்து மாற்றியது ஒரு கரடி.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். ஒக்டோபர் மாதம். இலைகள் சிவந்து கொட்டத் தொடங்கிய பிறகு சில வருடங்களில் நான்கைந்து நாள் கோடை திரும்பி வருமே, அப்படி ஒரு வெயில். வேட்டைக்காரருக்கும் நமக்கும் அதைப்போல எதிரி வேறு இல்லை. காலை பத்து மணியளவில் ஒரு பிக்கப் வாகனம் வாசலுக்குப் பின்பக்கம் காட்டி நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் நெடிய, தாடி வைத்த கியூபெக்காரர். மற்றவர் கட்டையாக, கறுப்பாக, தோடம்பழச் செம்மஞ்சள் நிறத் தொப்பியோடு இருந்தார்.

"போன்ஜூர், மதாம்," என்றார் கட்டையானவர்.

அந்த 'மதாம்' யாழ்ப்பாணத்து நாக்கில் வந்த மதாம். நான் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"தம்பி தமிழோ?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஐயோ, அக்கா! இஞ்ச உங்களுக்கு என்ன வேலை?"

"எனக்கு இஞ்சதான் வேலை. உமக்கு என்ன வேலை?"

"கரடி ஒண்டு விழுத்திப்போட்டன்," என்றார்.

பெயர் மரியதாசன். துறைமுகத்திலிருந்து கிடங்குகளுக்குக் கொள்கலன் இழுக்கும் லொறிச் சாரதி. வில்லரேயில் இரண்டாம் மாடியில் வீடு. கூட வந்த தாடிக்காரர் ரெஜான், அதே கம்பனியில் பழைய சாரதி. மூன்று இலையுதிர்காலமாக மரியதாசனைத் தன்னோடு வடக்கே காட்டுக்குக் கூட்டிப்போய் வருகிறார். முதல் இரண்டு தடவையும் வெறுங்கை. இந்தத் தடவை இது. அனுமதிப் பத்திரம், சீட்டு எல்லாம் முறைப்படி இருந்தன.

இருவருமாகத் தோலை உள்ளே தூக்கிவந்து பெரிய மேசையில் விரித்தார்கள். தலையும் நான்கு பாதங்களும் தோலோடு இருந்தன. உடம்பை மட்டும் உரித்திருந்தார்கள்.

நான் அதற்கு முன் நூறு கரடித் தோலாவது தைத்திருப்பேன். ஆனாலும் என் கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது. மேசை ஆறடி. மூக்கு ஒரு பக்கம் தொங்கியது, பின்கால்கள் மறுபக்கம் தொங்கின. கறுப்பு என்று சொல்கிறோமே, அது ஒரே கறுப்பு இல்லை. யன்னல் வெயில் பட்ட இடத்தில் தேத்தண்ணிச் சாயம், கழுத்தில் நீலம், நெஞ்சில் கையகலத்துக்கு வெள்ளை, பிறைபோல. முன்பாதம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துப் பார்த்தேன். என் முகத்தை மூடுகிற அளவு. உள்ளங்காலின் தோல் பழைய சைக்கிள் டயர்போல வெடித்திருந்தது. ஒரு காதில் பாதி இல்லை. மூக்கின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஆறிய காயங்கள். நனைந்த இலையின் வாசமும் புளித்த பழத்தின் வாசமும் அதிலிருந்து வந்துகொண்டேயிருந்தன.

முதலாளி வந்து உதட்டை விலக்கிப் பற்களைப் பார்த்தார். தேய்ந்து மழுங்கிய பற்கள். அவர் சீக்கிரத்தில் வியக்காத மனிதர். "இருபது வருடத்துக்குக் குறையாது," என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். "இந்த வயதுக் கரடியை நான் வாழ்க்கையில் மூன்று தரம்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு காலம் இருந்ததென்றால் இதற்கு மனிதரை நன்றாகத் தெரியும்."

இருபது வருடம். நான் இந்த நாட்டுக்கு வரமுன்பே பிறந்த மிருகம். நான் மன்னாரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது இது இங்கே ஏதோ ஓர் ஆற்றங்கரையில் தாயின் பின்னால் ஓடியிருக்கும்.

கதையைச் சொன்னவர் ரெஜான்தான். கை இரண்டையும் தூக்கி, நகம் காட்டி, நடித்தே காட்டினார். அவர் அப்போது மேட்டின் அந்தப் பக்கத்தில் இருந்தாராம். ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டதாம். கரடி இரண்டு காலில் எழும்பி, வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்ததாம். இந்தக் கட்டை மனிதன் நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லையாம். துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதாம். மரியதாசன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடக்கம் என்று நினைத்தேன்.

"அப்பிடியே செய்யோணும், அக்கா," என்றார். "ரெண்டு காலில நிக்கோணும். வாய் திறந்து பல்லுத் தெரியோணும். கை ரெண்டும் முன்னுக்கு."

நான் வழக்கம்போல வீட்டை அளந்தேன். கூரை எட்டு அடி. படி வெளியே, வளைந்த இரும்புப் படி. "வீட்டில மனிசிக்குச் சம்மதமோ?" என்று கேட்டேன். அவர் கைத்தொலைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது.

"நிக்கிறதோ படுக்கிறதோ எண்டு என்னட்டக் கேக்கிறியளே? நான் நிக்கிறதோ போறதோ எண்டு கேளுங்கோ! நான் மத்தியானம் வாறன். அதுவரைக்கும் ஒண்டும் செய்யாதேங்கோ."

மனைவியின் பெயர் மெற்றில்டா. பட்டறையிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, குழந்தைகளைப் பார்க்கும் கார்டெரி ஒன்றில் வேலை.

ஆனால் மத்தியானம்வரை பொறுக்க முடியாத நிலை. முதலாளி தோலின் இடது ஓரத்தில், வயிற்றுப் பக்கம், இரண்டு விரலால் ரோமத்தைக் கிள்ளி இழுத்தார். ஒரு கொத்து அப்படியே கையோடு வந்தது. இரண்டு நாள் வெயில் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது.

"நிற்க வைத்தால் வயிறுதான் பார்க்கிறவனின் முகத்துக்கு நேரே இருக்கும். இந்த மொட்டை தெரியும்," என்றார். "விரிப்பு என்றால் பிரச்சினை இல்லை. கெட்ட ஓரத்தை இப்போதே வெட்டி எறிந்துவிட்டு உப்புப் போடலாம். தோல் தப்பிவிடும். அவரைக் கேள். நிற்கிறதா, படுக்கிறதா?"

குளிர்பெட்டியில் போட்டுவிட்டு யோசிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பருமனான தோல், தலையோடும் பாதங்களோடும், நடுவரை உறைய ஒரு நாளாவது வேண்டும். அதற்குள் கெடுதல் நடு வயிற்றுக்கு வந்துவிடும்.

மரியதாசனிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "விரிப்போ? அதைக் கீழ போட்டு மிதிக்கிறதோ? ஏலாது, அக்கா."

வேறு வழி இல்லை, வெட்டினால்தான் தோல் தப்பும் என்று முதலாளி கத்தியைத் தீட்டப் போனார். அந்த நேரத்தில் என் வேலை, தோலை உட்புறம் திருப்பி ஓட்டைகளைத் தேடி, தைக்க வேண்டிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுவது. கண்ணால் தேடக்கூடாது. விரலால் தேட வேண்டும். நெஞ்சில், அந்த வெள்ளைப் பிறைக்குக் கீழே, ஒரு பெரிய ஓட்டை. விளிம்பு வெளிநோக்கிக் கிழிந்திருந்தது. வட்டமிட்டேன். பிறகு முதுகு, இடுப்பு, தொடை என்று விரலை ஓட்டிக்கொண்டு போனேன். வாலடியில், வலப்பக்கத்தில், சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு இன்னோர் ஓட்டை. விளிம்பு உள்நோக்கி மடிந்திருந்தது.

குண்டு நுழைகிற இடம் சிறியது. வெளியேறுகிற இடம் பெரியது. நேருக்கு நேர் பாய்ந்த மிருகத்துக்கு நெஞ்சில் நுழைய வேண்டும். இந்தக் குண்டு பின்னால் நுழைந்து நெஞ்சால் வெளியே போயிருந்தது.

நான் அந்தச் சின்ன ஓட்டையை வட்டமிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். இது என் வேலை இல்லை என்று எனக்கு நானே சொன்னேன். மீன் பிடித்தவர்கள் கையை அகட்டிக் காட்டுவதில்லையா, அதைப்போல என்று நினைத்தேன். அவர் மானத்தை வாங்க நான் யார் என்றும் நினைத்தேன். பிள்ளைகளே, அந்தப் பத்து நிமிட மௌனம்தான் என் தொழிலில் நான் செய்த பெரிய தவறு. முதலாளி கத்தியோடு வந்து, தோலின் ஓரத்தைப் பிடித்து, வெட்டும் கோட்டை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு விநாடி போயிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"பொறுங்கள்," என்றேன். முதலாளியை அதற்கு முன் நான் மறித்ததே கிடையாது. அவர் என்னைப் பார்த்தார். "பத்து நிமிடம் தாருங்கள். நீங்கள் அதற்குள் பாதங்களைத் தொடங்குங்கள். எப்படிச் செய்தாலும் முகமும் பாதமும் உரிக்கத்தானே வேண்டும்." அவர் முன்பாதத்தைக் கையில் எடுத்தார்.

ரெஜான் பக்கத்திலேயே நின்றார். நல்லவேளை, எங்களுக்குத் தமிழ் இருந்தது.

"தம்பி," என்றேன், "நூலைப் பற்றிக் கதைக்கிற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு எனக்கு மறுமொழி சொல்லும். நீர் சுடேக்க கரடி எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டது?"

மரியதாசன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுண்ண வட்டங்கள் இரண்டையும் பார்த்தார். தொப்பி கையில் சுருண்டது.

"போய்க்கொண்டிருந்தது, அக்கா."

நான் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தேன்.

"ஆத்தடியில ஒரு கல்லில இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறன். நிமிந்து பாத்தா நிக்குது. இந்தா, உங்கட அந்தப் பின்கதவு தூரம். ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய சாமான், ஒரு சுள்ளி முறியேல்லை. எழும்பி நிண்டது உண்மை. ரெண்டு காலில எழும்பி, மூக்கை நீட்டி மணந்தது. துவக்கு எனக்குப் பக்கத்திலதான் கிடந்தது. கை போகேல்லை. அது என்னைப் பாத்தது, அக்கா. எவ்வளவு நேரமெண்டு தெரியாது. நான் ஆர் எண்டு யோசிக்கிற மாதிரிப் பாத்தது. பேந்து இறங்கி, திரும்பி, தன்ரபாட்டில நடந்து போனது. ஓடேல்லை. நடந்து போனது. கொஞ்சத் தூரம் போய் ஒருக்காத் திரும்பிப் பாத்தது."

"அப்பவோ சுட்டனீர்?"

"இல்லை. பாத்திட்டுத் திரும்ப நடக்கத் தொடங்கினாப் பிறகு." அவர் குரல் தாழ்ந்தது. "அது முன்னுக்கு நிக்கேக்க எனக்குப் பயம் இல்லை. போகேக்கதான் உடம்பெல்லாம் உதறத் தொடங்கினது. கை தானா எடுத்தது. சத்தம் கேட்டாப் பிறகுதான் சுட்டது நான் எண்டே தெரியும்."

நூலைப் பற்றிக் கதைக்கும் முகம் அவரிடம் இப்போது இல்லை.

"ஊரில முதுகில வெடி பட்டுக் கிடந்த ஆக்களை நான் தூக்கியிருக்கிறன், அக்கா. திரும்பிப் போறவனைச் சுடுறவன் என்ன மனிசன் எண்டு அப்ப கேட்டனான். இப்ப என்ர கையால…"

நான் கரடியைத்தான் பார்த்தேன். இருபது வருடம் மனிதர்களின் துவக்குகளுக்கு நடுவில் உயிரோடு இருந்த ஒன்று, கடைசியில் ஒரு மனிதனை ஒரு பாய்ச்சல் தூரத்தில் கண்டு, எழும்பி நின்று, மணந்து, யோசித்து, இவனை விட்டுவிடலாம் என்று தீர்மானித்திருக்கிறது. அதற்கு அப்படித் தீர்மானிக்கத் தெரிந்திருக்கிறது. அந்தத் தோலின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டேன். தொட உரிமை இல்லாத ஒன்றைத் தொட்டதுபோல இருந்தது.

"வாயைத் திறந்து, பல்லைக் காட்டி நிக்க வைச்சால்," என்றேன், "நீர் ஒவ்வொரு நாளும் எழும்பி ஆரைப் பாப்பீர்?"

மரியதாசன் ரெஜான் பக்கம் திரும்பி, உடைந்த பிரெஞ்சில், எல்லாவற்றையும் சொன்னார். கல்லில் இருந்தது, மணந்தது, திரும்பிப் போனது, பின்னால் சுட்டது. முதலாளியின் கத்தி பாதத்தில் நின்றது.

ரெஜான் தாடியைத் தடவினார். "எனக்குத் தெரியும்," என்றார்.

"தெரியுமா?" என்றார் மரியதாசன்.

"தோலை உரித்தது யார்? ஈரமண்ணில் தடம் வேறு இருந்தது. வந்த தடம், நின்ற தடம், போன தடம். எல்லாம் வாசித்துவிட்டேன். நான் ஓடிவந்தபோது நீ அதன் பக்கத்தில் முழங்காலில் இருந்து அழுதுகொண்டிருந்தாய். உனக்கு ஒரு கதை தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த கதையைத் தந்தேன். வேண்டாம் என்றால் விட்டுவிடு."

மெற்றில்டா மத்தியானம்வரை பொறுக்காமல் அப்போதே உள்ளே வந்தார். குழந்தைகளின் பெயின்ட் பட்ட ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தார். ஏசுவதற்கென்று திறந்த வாய், மேசையைக் கண்டதும் அப்படியே நின்றது. ஒவ்வோர் அடியாக நடந்து கிட்ட வந்தார். நெஞ்சின் வெள்ளைப் பிறைக்கு மேலே கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"தொடலாமோ, அக்கா?"

"தொடுங்கோ."

தொட்டார். விரல்கள் ரோமத்துக்குள் மூட்டுவரை புதைந்தன. "என்ர மாதாவே," என்றார் மெதுவாக.

மரியதாசன் அவருக்கும் சொன்னார். ஒரே காலையில் மூன்றாம் தடவை. இம்முறை தலையை நிமிர்த்திச் சொன்னார். மெற்றில்டா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது நினைச்சிருந்தா உங்களை அடிச்சிருக்குமோ?"

"ஓம். ஒரு பாய்ச்சல்தான்."

மெற்றில்டா அந்தப் பெரிய பாதத்தைப் பார்த்தார். கணவனைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப உங்களை எனக்குத் திருப்பித் தந்திட்டுத்தான் போயிருக்கு," என்றார். "அதைக் காலடியில போட்டு மிதிக்கிறேல்லை. பல்லைக் காட்ட வைக்கிறேல்லை. அது எப்பிடிப் போச்சுதோ அப்பிடியே நிக்கட்டும். வீட்டில வைக்க நான் இடம் பாக்கிறன்."

நான் முதலாளிக்கு மொழிபெயர்த்தேன். நான்கு காலில், நடந்து போகிற மாதிரி, தலை மட்டும் பின்னால் திரும்பி, வாய் மூடி. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேசையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு மயிர் கழன்ற ஓரத்தை விரலால் காட்டினார்.

"நடக்கிறது என்றால் வயிறு கீழே போய்விடும்," என்றார். "இந்த மொட்டையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஓர் அங்குலமும் வெட்டத் தேவையில்லை." எங்கள் எல்லாரையும் பார்த்து, "உப்பு!" என்று கத்தினார். நாங்கள் ஐந்து பேரும் உப்புத் தேய்த்தோம். மெற்றில்டாவும் ஏப்ரனோடு தேய்த்தார்.

அன்றிலிருந்து முன்மேசையில் நான் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. கடைசியாக அது என்ன செய்துகொண்டிருந்தது? உங்களுக்கும் நான் விட்டுப்போகிற கேள்வி அதுதான். சிலர் பொய் சொல்வார்கள். சொல்லட்டும். தோலை வைத்துக்கொண்டு அவர்களைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். நாம் பொலிஸ் இல்லை. ஆனால் கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அரைவாசிப் பேர் தாங்கள் கேட்டுவந்த உருவத்தைத் தாங்களே மாற்றிக்கொள்வார்கள். சிலருக்கு விரிப்புத்தான் சரி. நெருப்படியில் அந்த ரோமத்தில் கன்னத்தை வைத்துப் படுக்க வேண்டும் என்று ஒரு விதவை சொன்னாள், அவளுக்கு அதைத்தான் செய்துகொடுத்தோம். எது உயர்வு, எது தாழ்வு என்று கிடையாது. யாருக்கு எது உண்மையோ அது.

கரடிக்கு வருவோம். தோல் பதனிட்டு வரக் குளிர்காலம் முழுவதும் போனது. உருவம் செய்ய மார்ச் முதல் யூன்வரை. முதலாளிக்குக் கோபக்கார முகம் செய்வது எளிது. முப்பது வருடம் அதைத்தான் கேட்டார்கள். விட்டுப் போகிற முகத்தை அவர் செய்ததே இல்லை. இமையை மூன்று தரம் கழற்றி மாட்டினார். கண்ணாடிக் கண்களைப் பெட்டியிலிருந்து தெரிவுசெய்தது நான். கடைசியில் மரியதாசனையே கூப்பிட்டோம். அவர் பின்னுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு, "தலை இன்னும் கொஞ்சம் பதிவு," என்றார். முதலாளி ஒரு விரற்கடை தாழ்த்தினார். "ஓம்," என்றார் மரியதாசன். பிறகு வெளியே போய் நின்றுகொண்டார். அன்று பட்டறையில் ஒருவரும் றேடியோவைப் போடவில்லை.

கரடியை வீட்டுக்குக் கொண்டுபோக யூலை முதலாம் தேதிதான் எல்லாருக்கும் விடுமுறையாக இருந்தது. மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறுகிற நாளும் அதுதான். வில்லரேத் தெரு முழுவதும் மெத்தைகளும் குளிர்சாதனப் பெட்டிகளும். வளைந்த இரும்புப் படியில் கரடி ஏறாது என்று கண்டதும் ரெஜான் துறைமுகத்தில் சுமை கட்டும் பட்டிகளைக் கொண்டுவந்தார். பல்கனியிலிருந்து இழுத்து ஏற்றுவது என்று முடிவாயிற்று. கம்பளிப் போர்வையால் சுற்றியிருந்தோம். பாதி உயரத்தில் போர்வை நழுவி விழுந்தது.

தெருவில் சோபாவின் இரு முனையிலும் நின்றவர்கள் சோபாவை இறக்கவில்லை, நடக்கவும் இல்லை. ஒரு லொறி எஞ்சினை நிறுத்தியது. நடந்தபடி, தலை திரும்பி, எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு, அது மேப்பிள் கிளைகளுக்கு ஊடாக மெதுவாக மேலே போயிற்று. பல்கனிக் கம்பிக்கு மேலே பாதங்கள் ஏறியபோதுதான் யாரோ மூச்சுவிட்டது கேட்டது.

மெற்றில்டா முன்னறை யன்னலடியில் இடம் ஒதுக்கியிருந்தார். அந்த வீடுகளின் நடைபாதை உங்களுக்குத் தெரியும், முன்னறையிலிருந்து குசினிவரை ஒரே நீட்டு. மரியதாசன் கரடியை யன்னலை நோக்கி நடக்கிற மாதிரித் திருப்பி வைத்தார். பிறகு நடந்து நடந்து பார்த்து, குசினி வாசலில் ஓர் இடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச நிண்டு பாருங்கோ, அக்கா. இவ்வளவு தூரம்தான்."

நின்றேன். அதற்குள் இருப்பது ஃபோம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்களைத் தெரிவுசெய்தது நான். வாலடியில் இருந்த ஓட்டையைத் தைத்தது என் கை. ஏழு தையல், வெளியே தெரியாது. எல்லாம் தெரிந்துகொண்டே நின்றேன். யன்னல் வெளிச்சம் அதன் முதுகு விளிம்பில் ஓடியது. அது என்னைப் பார்த்தது. எனக்குப் பயம் இல்லை. இவ்வளவு பெரிய ஒன்று என்னை ஒன்றும் செய்யாமல் விட்டுப் போகப்போகிறது என்ற எண்ணம் மட்டும் நெஞ்சை நிறைத்துக்கொண்டு நின்றது.

குசினியிலிருந்து மெற்றில்டா தேத்தண்ணி ஆறுகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. அது திரும்பி நடக்கும்வரை அசையக்கூடாது என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.